சம்பளச் சீட்டின் மூலையில் இரண்டு எழுத்து

2024 தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை வந்தது. லண்டனில் அது வேலை நாள். விடியற்காலையில் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்து, இருட்டிலேயே இரண்டு இட்லியை விழுங்கிவிட்டு, ஹாரோவில் ரயில் ஏறினேன். புது வேலையில் சேர்ந்து சரியாக ஒரு மாதம். முதல் சம்பளம் அன்றைக்குத்தான். தீபாவளியும் சம்பளமும் ஒரே நாளில் வருவது ஊரில்கூட எனக்கு வாய்த்ததில்லை.

ரயிலில் போனை எடுத்துப் பார்த்தேன். 2,604 பவுண்டு வந்திருந்தது. நான் எதிர்பார்த்தது 2,814.

இந்த 2,814 எங்கிருந்து வந்தது என்றால், சேரும் முன்பே உட்கார்ந்து போட்ட கணக்கு. ஆண்டுக்கு 42,000, மாதம் 3,500. பென்ஷனைச் சேர்த்தால் குழம்பும் என்பதால் இந்தக் கட்டுரை முழுக்க அதை விட்டுவிடுகிறேன். இந்த நாட்டில் ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரை வருமான வரி கிடையாது. 2021இலிருந்து அந்தத் தொகை அசையாமல் அப்படியே நிற்கிறது. மாதத்துக்குப் பிரித்தால் ஏறத்தாழ 1,048. மிச்சம் 2,452க்கு இருபது சதவீதம், அதாவது 490 பவுண்டு வரி. தேசியக் காப்பீட்டுக்கு அதே மிச்சத்தில் எட்டு சதவீதம், 196. போக மீதி 2,814. இரண்டு முறை சரிபார்த்த கணக்கு. அதை நம்பி மனைவிக்கு ஒரு கோட்டுகூட வாங்கிவிட்டிருந்தேன்.

அலுவலகம் போனதும் சம்பளச் சீட்டைத் திறந்தேன். காப்பீடு 196, சரி. வரி 700. சம்பளத்தில் அப்படியே ஐந்தில் ஒரு பங்கு. வரி விலக்கே எனக்குக் கிடையாது என்பதுபோல முதல் பவுண்டிலிருந்து பிடித்திருந்தார்கள்.

என் முதல் நினைப்பு என்ன தெரியுமா? புது ஆள் என்பதால் முதல் மாதம் கூடப் பிடிப்பார்களாக இருக்கும், அடுத்த மாதம் சரியாகிவிடும். அரசாங்கம் பிடித்தால் அதற்கு ஏதோ காரணம் இருக்கும் என்று நம்பும் வீட்டில் வளர்ந்தவன் நான். மின்சாரக் கட்டணம் கூட வந்தால் அப்பா மீட்டரைச் சந்தேகப்பட மாட்டார். மின்விசிறியைத் தேவையில்லாமல் ஓடவிட்ட எங்களைத்தான் திட்டுவார்.

அன்று இரவு முறுக்குத் தட்டோடு எங்கள் தெருவிலிருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். இருபது வருடமாக ஒரு கணக்கு அலுவலகத்தில் பல சிறு கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்கு போடுகிறவர். பேச்சுவாக்கில் 210 பவுண்டு குறைந்ததைச் சொன்னேன்.

“காசை விடும் தம்பி. டாக்ஸ் கோட் என்னெண்டு பாரும்.”

எந்தக் கோடு என்று கேட்டேன். ஐந்து வருடமாக மாதம் ஒரு சம்பளச் சீட்டு வாங்குகிறேன், அதில் அப்படி ஒன்று இருப்பதையே நான் கவனித்ததில்லை. அவர் என் போனை வாங்கி, மூலையில் இருந்த இரண்டெழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். பிஆர்.

“பிஆர் எண்டால் பேசிக் ரேட். உமக்கு இது ரெண்டாவது வேலை எண்டு நினைச்சிருக்கினம்.”

பிறகு சொல்லிக் கொடுத்தார். பெரும்பாலான ஆட்களுக்கு இருக்கும் வரிக் குறியீடு 1257எல். அந்த எண்ணோடு ஒரு பூஜ்யத்தைச் சேர்த்தால் வரி விலக்குத் தொகை வந்துவிடும்: 12,570. எல் என்றால் வழக்கமான விலக்கு. ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு முன்னால் எஸ் சேரும், வேல்ஸ்காரர்களுக்கு சி. வேல்ஸ் மொழியில் அவர்கள் நாட்டின் பெயர் சி என்ற எழுத்தில் தொடங்குகிறது. பிஆர் என்றால் விலக்கு எதுவும் இல்லை, எல்லாவற்றுக்கும் இருபது சதவீதம். டி0 என்றால் எல்லாவற்றுக்கும் நாற்பது. கே என்று ஒன்று இருக்கிறது. அது வந்தால் விலக்கு பூஜ்யத்துக்கும் கீழே போய்விட்டது என்று பொருள், வாங்காத சம்பளத்துக்கும் வரி கட்டுவது போல. ஒரு வேலையில் 1257எல் இருந்தால் இன்னொரு வேலையில் பிஆர் இருப்பது நியாயம்தான். ஒரே விலக்கை இரண்டு இடத்தில் எடுக்க முடியாது. என் சிக்கல், எனக்கு ஒரு வேலைதான்.

சரி, இரண்டாவது வேலை என்று யார் சொன்னது? நான்தான். இதை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

இங்கே ஒரு வேலையை விட்டுக் கிளம்பும்போது பி45 என்று ஒரு தாள் தருவார்கள். ஏப்ரல் 6லிருந்து எவ்வளவு சம்பளம் வாங்கினோம், எவ்வளவு வரி போனது, என்ன குறியீடு, எந்தத் தேதியில் கிளம்பினோம் எல்லாம் அதில் இருக்கும். 1ஏ என்ற பகுதி நமக்கு, 2ம் 3ம் புது முதலாளிக்கு. நான் செப்டம்பர் 30இல் கிளம்பினேன். புது இடத்தில் சேரும்போது பி45 வரவில்லை. அது இல்லாதவர்களுக்கென்று ஒரு படிவம் உண்டு. ஏ, பி, சி என்று மூன்று வாசகங்களில் ஒன்று நமக்குப் பொருந்த வேண்டும். இந்த வரி ஆண்டில் இதுதான் முதல் வேலை என்றால் ஏ. முன்பு ஒரு வேலை இருந்தது, இப்போது இது மட்டும்தான் என்றால் பி. வேறு வேலையோ பென்ஷனோ கூடவே இருக்கிறது என்றால் சி.

எடுக்காத விடுப்புக்கான பணம் பழைய கம்பெனியிலிருந்து இன்னும் வர வேண்டியிருந்தது. அவர்கள் பணம் தரப்போகிறார்கள் என்றால் கணக்கு இன்னும் முடியவில்லை என்றுதானே அர்த்தம்? உண்மையை மறைக்கக் கூடாது என்ற எண்ணத்தில் சி போட்டேன். யோக்கியனாக இருக்கப் போய் 210 பவுண்டு.

தீபாவளி முடிந்த வாரம் புது கம்பெனியின் சம்பளப் பிரிவுக்கு எழுதினேன். அதற்குள் பி45 வந்திருந்தது, அதையும் அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது: வரித்துறையிலிருந்தே உங்களுக்கு பிஆர் என்று குறியீடு வந்துவிட்டது, இனி பி45ஐ வைத்து நாங்கள் மாற்ற முடியாது, நீங்கள்தான் அவர்களிடம் பேச வேண்டும். தட்டிக் கழிக்கிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. அண்ணன் சிரித்தார். அவர்கள் சொல்வது சட்டப்படி சரி. வரித்துறை ஒரு குறியீடு அனுப்பிவிட்டால், அது தப்பு என்று முதலாளிக்கே தெரிந்தாலும் அடுத்த உத்தரவு வரும்வரை அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அப்படியென்றால் வரித்துறை ஏன் பிஆர் அனுப்பியது? 2013லிருந்து இங்கே ஒவ்வொரு சம்பள நாளிலும், அன்றோ அதற்கு முன்போ, யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று முதலாளி கணினி வழியே வரித்துறைக்கு அனுப்ப வேண்டும். ஆள் கிளம்பிவிட்டால் கிளம்பிய தேதியையும் சேர்த்து அனுப்ப வேண்டும். பி45 கொடுத்த பிறகு ஏதாவது பணம் தந்தால், 0T என்ற குறியீட்டில் (மேலே சொன்ன டி0 வேறு) விலக்கு இல்லாமல் வரி பிடித்துவிட்டு, கிளம்பியவருக்குத் தந்தது என்று குறித்து அனுப்ப வேண்டும். என் பழைய கம்பெனி விடுப்புப் பணம் 310 பவுண்டை அனுப்பியது, வரியையும் சரியாகப் பிடித்தது. கிளம்பிய தேதியை மட்டும் விட்டுவிட்டது. ஆக, வரித்துறையின் திரையில் அக்டோபர் மாதம் எனக்கு இரண்டு கம்பெனிகள் சம்பளம் தந்துகொண்டிருந்தன. நானே இரண்டு வேலை என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அந்தத் திரையைப் பார்த்தால் நானும் பிஆர்தான் போட்டிருப்பேன்.

இங்கே கொஞ்சம் பழைய கதைக்குப் போகிறேன். சம்பளத்திலேயே வரியைப் பிடிக்கும் இந்த முறை பிரிட்டனில் 1944 ஏப்ரல் 6 அன்று தொடங்கியது. போர்ச்செலவுக்காகத் தொழிலாளர்களும் பெரிய அளவில் வரி கட்ட வேண்டி வந்த காலம். வாரக்கூலிக்காரனிடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கேட்டால் எங்கே போவான்? இதை உருவாக்கிய நிதியமைச்சர் கிங்ஸ்லி வுட், நாடாளுமன்றத்தில் இதை அறிவிக்கவிருந்த நாளின் காலையிலேயே, 1943 செப்டம்பர் 21இல், இறந்துபோனார். ஏப்ரல் 6 என்ற வினோதத் தேதிக்கும் ஒரு கதை உண்டு. 1752இல் காலண்டரை மாற்றும்போது 11 நாட்களை நீக்கினார்கள். மார்ச் 25ஐ ஒட்டியிருந்த பழைய கணக்கு ஆண்டு அதனால் தள்ளிப்போய் ஏப்ரலில் வந்து நின்றது. நமக்குச் சித்திரை பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது இவர்களுக்கு வரி ஆண்டு பிறந்துவிடுகிறது.

அந்த முறையில் எனக்குப் பிடித்த விஷயம், அது மளிகைக்கடைப் பற்று நோட்டு மாதிரி ஓடுகிறது என்பது. ஒவ்வொரு சம்பள நாளிலும் ஏப்ரல் 6லிருந்து இதுவரை வாங்கியது எவ்வளவு, இதுவரை உள்ள விலக்கு எவ்வளவு, கட்ட வேண்டிய வரி எவ்வளவு, ஏற்கெனவே கட்டியது எவ்வளவு என்று முதலிலிருந்து கூட்டிப் பார்க்கும். குறைந்திருந்தால் பிடிக்கும், கூடியிருந்தால் திருப்பித் தரும். அதனால்தான் இங்கே பெரும்பாலான சம்பளக்காரர்கள் வரிக் கணக்குத் தாக்கலே செய்வதில்லை.

சென்னையில் 2016இல் வேலை மாறியபோது எனக்கு நேர் எதிராக நடந்தது. பழைய சம்பளத்தைப் பற்றிச் சொல்லும் 12பி படிவத்தை நான் கொடுக்கவில்லை. புது கம்பெனி என்னைப் புதிதாகப் பிறந்த குழந்தையாக நினைத்து இரண்டரை லட்சம் விலக்கை மறுபடியும் முழுதாகக் கொடுத்தது. கையில் நிறைய வந்தது, சந்தோஷமாகச் செலவழித்தேன். கணக்குத் தாக்கல் செய்யும்போது இரண்டு படிவம் 16ஐயும் சேர்த்துக் கூட்டினால், வட்டியோடு கட்ட வேண்டியிருந்தது. அங்கே ஆண்டு முடிவில் நாமே உட்கார்ந்து கூட்டுவதால் தப்பு கண்ணில் பட்டே தீரும். இங்கே எல்லாம் தானாக நடந்துவிடுவதால் யாரும் பார்ப்பதில்லை.

தொலைபேசியில் பேசுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். காத்திருப்பு பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். 2022-23இல் வரித்துறையின் போனில் மக்கள் காத்திருந்த நேரத்தையெல்லாம் கூட்டினால் 798 ஆண்டுகள் என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2024 மே மாதம் அறிக்கை வெளியிட்டிருந்தது. சோழர் காலத்திலேயே தொடங்கிய காத்திருப்பு என்று வைத்துக்கொள்ளலாம். கடைசியில் நவம்பர் 20 வாக்கில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், காரில் உட்கார்ந்து அழைத்தேன். அண்ணன் முன்பே எச்சரித்திருந்தார்: “கோல் எடுக்க முதல் பி45ஐக் கையில வைச்சிரும். தேதியையும் தொகையையும் வாசிச்சுச் சொல்ல வேணும். கோவப்படாதேயும், அங்கால இருக்கிற பிள்ளை ஒண்டும் செய்யேல்லை.”

முக்கால் மணி நேரத்துக்கு மேல் இசை. பிறகு ஒரு பெண் குரல். காப்பீட்டு எண், பிறந்த தேதி, முகவரி எல்லாம் கேட்டார். என்ன பிரச்சினை என்று நான் நீட்டி முழக்க ஆரம்பிக்கும் முன்பே, “உங்களுக்கு இரண்டு வேலை திறந்திருக்கிறது, தெரியுமா?” என்றார். தெரியும் என்றேன். பி45இல் உள்ள தேதியைக் கேட்டு, பழைய வேலையை மூடினார். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. நன்றி சொல்லி வைத்தபோது நவம்பர் சம்பளக் கணக்கை எங்கள் கம்பெனி ஏற்கெனவே முடித்துவிட்டிருந்தது. அந்த மாதமும் 700.

டிசம்பர் சம்பளம் கிறிஸ்துமஸுக்கு முன்பே வந்தது. ஆவலாகத் திறந்தேன். வரி 490. இரண்டு மாதத்தில் கூடுதலாகப் போன 419 (மாதம் 209.50) வரவில்லை. இப்போது எனக்குக் கோடு பார்க்கத் தெரியுமே. பார்த்தேன்: 1257எல் எம்1.

இந்த எம்1தான் இந்தக் கதையில் எல்லோரும் ஏமாறும் இடம் என்பது என் கருத்து. பிஆர் வந்தால் பணம் குறைவது கண்ணுக்குத் தெரியும். எம்1இல் மாதச் சம்பளம் சரியாக வருவதால் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று விட்டுவிடுவோம். எம்1 என்றால் ஒவ்வொரு மாதத்தையும் முதல் மாதம் என்றே வைத்துக் கணக்கிடு, பின்னால் திரும்பிப் பார்க்காதே என்று உத்தரவு. வாரச் சம்பளக்காரர்களுக்கு டபிள்யூ1. சில கம்பெனிச் சீட்டுகளில் வெறும் எக்ஸ் என்று இருக்கும். பற்று நோட்டை மூடி வைத்துவிட்டு ரொக்கக் கடை நடத்துவது மாதிரி. இந்த மாத விலக்கைத் தரும், போன மாதக் கணக்கைத் திறக்காது. பழைய சம்பள விவரம் தெளிவாக இல்லாதபோது வரித்துறை முன்னெச்சரிக்கையாக இப்படிப் போடுவது வழக்கம். தப்பான பழைய தொகையை வைத்துக் கூட்டிப் பெரிய பிழை செய்வதைவிட இது மேல் என்பது அவர்கள் நியாயம். ஒப்புக்கொள்ளக்கூடிய நியாயம்தான்.

விட்டிருந்தாலும் பணம் தொலைந்திருக்காது. ஏப்ரல் 5 முடிந்த பிறகு அவர்களே கூட்டிப் பார்த்து, அடுத்த சில மாதங்களில் பி800 என்று ஒரு கணக்குக் கடிதம் அனுப்புவார்கள். நாமாகக் கேட்பதென்றாலும் அந்த வரி ஆண்டு முடிந்து நான்கு வருடம் வரை கேட்கலாம். ஆனால் எனக்கு அதற்குள் இது ஒரு பிடிவாதம் ஆகிவிட்டிருந்தது. வரித்துறைச் செயலியைத் தரவிறக்கினேன். பழைய வேலை மூடியிருக்கிறது, செப்டம்பர் வரை வாங்கிய 18,000மும் கட்டிய வரியும் பி45இல் உள்ளபடியே இருக்கின்றன, அந்த 310ம் இருக்கிறது. இந்த வருட உத்தேச வருமானம் மட்டும் கண்டபடி இருந்தது. பழைய வேலை மார்ச் வரை ஓடும் என்று கணக்கிட்டிருந்தார்கள். அதைத் திருத்திவிட்டு மறுபடி ஒரு அழைப்பு, மறுபடி அதே இசை. இந்த முறை ஒரு வாக்கியம்தான் சொன்னேன்: எம்1ஐ எடுத்துவிட முடியுமா? பழைய தொகைகளை வாசிக்கச் சொன்னார், வாசித்தேன், முடிந்தது.

எங்கள் சொந்தத்தில் ஒரு தம்பிக்கு இதன் மறுபக்கம் நடந்தது. இரண்டு முதியோர் இல்லங்களில் வேலை செய்கிறான். இரண்டாவது இடத்தின் படிவத்தில் ஏ போட்டுவிட்டான். இரண்டு இடத்திலும் 1257எல். ஐந்து மாதம் கை நிறைய வந்தது. அடுத்த ஆண்டு, ஆயிரத்துச் சொச்சம் பவுண்டு பாக்கி என்று கடிதம். மூவாயிரத்துக்குக் கீழே என்றால் பெரும்பாலும் மொத்தமாகக் கேட்க மாட்டார்கள், அடுத்த வருடக் குறியீட்டைக் குறைத்து மாதாமாதம் எடுத்துக்கொள்வார்கள். அவனுக்கும் அப்படித்தான் செய்தார்கள். கோட் மாறினதும் சம்பளம் ஏன் குறைந்தது என்று முதலாளியோடு சண்டைக்குப் போய்விட்டான், பாவம்.

ஜனவரி 31. வரி 71 பவுண்டு. குறியீடு 1257எல், பின்னால் எதுவும் இல்லை. 490இல் 419 போனால் 71. பணத்தை வரித்துறை தனியாக அனுப்பவில்லை, அந்த மாத வரியிலேயே கழித்துவிட்டார்கள். நோட்டு மறுபடி திறந்துவிட்டது. அண்ணனுக்கு வாட்ஸப்பில் படம் அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்றை மட்டும் அனுப்பினார்.

அன்று இரவு ஆர்வக்கோளாறில் பழைய சீட்டுகளையெல்லாம் தோண்ட ஆரம்பித்தேன். 2019 செப்டம்பரில்தான் இந்த நாட்டில் எனக்கு முதல் சம்பளம். திறந்து பார்த்தால் 1250எல் எம்1. அப்போது விலக்கு 12,500. அடுத்த மாதமும் எம்1, அதற்கடுத்த மாதமும். அந்த வரி ஆண்டு முழுக்க எம்1. ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை நான் இங்கே ஒரு பைசா சம்பாதிக்கவில்லை. அந்த ஐந்து மாத விலக்கும் எனக்குச் சேர வேண்டியது. பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டேன். 1,041 பவுண்டு. நான்கு வருட அவகாசம் 2024 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. தூக்கம் வரவில்லை.

நள்ளிரவில் எழுந்து பழைய வங்கிக் கணக்கைப் பார்த்தேன். 2020 அக்டோபரில் ஒரு காசோலை வரவு. 1,041 பவுண்டு சொச்சம்.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஊரடங்கு நேரம். அரசாங்க முத்திரையோடு ஒரு கடிதமும் காசோலையும் வந்தன. கடிதத்தைப் படிக்கவே இல்லை. கொரோனாவுக்கு நிவாரணம் தருகிறார்கள் என்று முடிவு கட்டி, அன்றைக்கே திருநெல்வேலிக்குப் போன் போட்டு, “இங்க கவர்மெண்டு எல்லாருக்கும் லட்ச ரூபாய் அனுப்புதாங்கம்மா” என்று சொன்னேன். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான் என்று எதிர்வீட்டுப் பெரியவர் சொன்னாராம். அது என் பணம்தான் என்று நான் இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை.